ஏசி நின்ற ராத்திரி

மேற்கு மாம்பலம்,
மே 19

மாப்ள,

திட்டு. நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பொண்ணு கல்யாணத்துக்கு வரவில்லை, போன் பண்ணவில்லை, மொய்யை மட்டும் ஜிபேயில் போட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டேன். "உன் பேரை எடுத்தாலே அவன் இலையை மூடிட்டு எழுந்துடறான்"னு நெட்டை சொன்னான். அவன் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் கொஞ்சம் உண்மை இருக்கும் என்று தெரியும். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன வாரம் அது. இதை அப்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அவ்வளவுதான். பொண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? நாங்கள் சௌக்கியம். இல்லை, போன செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் சௌக்கியமாக இருந்தோம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏசி நின்றுபோய்விட்டது. சிரிக்காதே. சிறுவாணித் தண்ணி குடித்துக்கொண்டு, மே மாசத்தில்கூட விடியற்காலையில் போர்வை தேடுகிற கோயமுத்தூர்க்காரனுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. இங்கே அக்னி நட்சத்திரம் நடுவில் நிற்கிறது. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே என்று தெரியும் உனக்கு. பகல் முழுக்க வெயிலைக் குடித்த காங்கிரீட் ராத்திரி ஆனதும்தான் அதைத் திருப்பிக் கக்க ஆரம்பிக்கும். கடல் காற்று வராத நாளில் பன்னிரண்டு மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி சூடாக இருக்கும்.

மணி 11:40. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற நேரம், ஸ்டெபிலைசரில் 180 வோல்ட்டுக்கும் கீழே காட்டிக்கொண்டிருந்தது, டக் டக் என்று ஒரே சத்தம். லைட் ஒரு தடவை மங்கி வந்தது. அதற்கப்புறம் உள்ளே ஃபேன் மட்டும் ஓடுகிறது, வருவது வெறும் காற்று. பால்கனியில் போய்க் காது வைத்தால் அவுட்டோர் யூனிட் "ம்ம்ம்ம்" என்று ஏழெட்டு நொடி முனகும், அப்புறம் ஒரு "டக்", அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல். வார்டன் ஸ்கூட்டர் ஞாபகம் வந்ததா? அதே சுருதி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்ஜினியர் ஆயிற்றே. ரிமோட்டில் ஆஃப், ஆன். மெயினில் ஆஃப், ஆன். ஏழு தடவை. (ஏசி ரிப்பேர் பண்ண வந்த தெருமுனைக் கடை பாய் காலையில் சொன்னார், ஒரு தடவை நின்றால் மூன்று நாலு நிமிஷமாவது விட வேண்டுமாம். பைப்பில் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸரைக் கிளப்பினால் நாமே அதன் கழுத்தை நெரிக்கிற மாதிரி.) அப்புறம் ஃபில்டரைக் கழற்றி பாத்ரூமில் போட்டுக் கழுவினேன், நடுராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில். அப்புறம் கஸ்டமர் கேர். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, சங்கீதம் கேள், கடைசியில் ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையாக "48 மணி நேரத்துக்குள் டெக்னீஷியன் வருவார் சார்" என்றது. அப்பாவுக்கு 82 வயசும்மா என்றேன். புகாரில் குறித்துக்கொண்டேன் சார் என்றது. அது என்ன செய்யும், பாவம்.

அப்புறம் போனில் தேடி, 24 மணி நேரமும் வருவோம் என்று போட்டிருந்த ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். 12:45க்கு இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவன் பால்கனியில் எட்டிப் பார்த்தான், செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தான், "கேஸ் போயிடுச்சு சார், 3,800 ஆகும்" என்றான். மீட்டர் எடுக்கவில்லை, கேஜ் மாட்டவில்லை, மூடியைத் திறக்கவே இல்லை. நான் பர்ஸை எடுக்க உள்ளே போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பகலில் கத்தரிக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட என்று சண்டை போடுகிறவன், நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டினால் கிட்னி கேட்டாலும் கொடுத்துவிடுவேன் போல.

அப்போதுதான் இவள் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க." அந்தக் குரலே சரியில்லை.

அப்பா முழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, மாட்டைப் பிடிச்சுக் கட்டினியா?" என்றார்.

சித்தப்பா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது மாப்ள. மாடு போய் நாற்பது வருஷம். நெற்றியில் கை வைத்தால் கொதிக்கிறது, ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை. உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. இன்னொன்று சொல்கிறேன், இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவர் மேல் போர்வை இருந்தது. ஏசி ஓடுகிறதே என்று பத்து மணிக்கு நான்தான் மார்பு வரைக்கும் போர்த்திவிட்டேன். ஏசி நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அறைக்குள் பத்துத் தடவை போய் வந்திருப்பேன், ஏசியை அண்ணாந்து பார்க்க. கட்டிலைக் குனிந்து பார்க்கவில்லை. அவரும் வாயைத் திறந்து "புழுங்குதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். சொல்ல மாட்டார்கள் என்பதைவிட, அவர்களுக்கே அது சரியாகத் தெரிவதில்லையாம். வயசானால் தாகம் எடுப்பதும் குறைந்துவிடுமாம்.

இதைச் சொன்னது கீழ்வீட்டு அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், நீ பார்த்திருக்கிறாய், கிரகப்பிரவேசத்தில் உன்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னவர். இவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். அக்கா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெர்மாமீட்டரோடு வந்தார். 102. போர்வையை உருவி எறிந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையைக் கழற்றி, துணியை நனைத்து கழுத்தில், இரண்டு அக்குளில், தொடை இடுக்கில் வைத்து, மேலே டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார். நான் பாராசிட்டமால் தேடிக்கொண்டிருந்தேன். "அது காய்ச்சலுக்குப்பா, இது காய்ச்சல் இல்ல, சூடு. சும்மா இரு" என்றார். ஓஆர்எஸ்ஸை ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தார், விழுங்கினார் அப்பா. விழுங்கவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே 108தான், பத்து நிமிஷத்தில் தெளிவு வராவிட்டாலும் 108தான் என்று சொல்லி என் கையில் போனைக் கொடுத்து நம்பரைப் போட்டு வைத்துக்கொள் என்றார். போட்டு வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே.

ஆறேழு நிமிஷத்தில் அப்பா, "என்னடி இது, குளிப்பாட்டி விடறீங்களா? நான் இன்னும் இருக்கேன்" என்றார்.

இந்த அறையில் மறுபடி ஏறிவிடும், கீழே என் வீட்டுக்குக் கொண்டுவா என்றார் அக்கா. அங்கே ஏசி ஓடுகிறது, தலைக்கு மேல் ஒரு மாடி இருப்பதால் பாதிச் சூடு கிடையாது. லிஃப்ட் இல்லாத வீடு, இடுப்பில் பிளேட் வைத்த மனிதர். கைப்பிடி நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, நாங்கள் இரண்டு பேர், அப்புறம் அந்த மெக்கானிக் பையன்கள் இரண்டு பேர். ஆமாம், அதே 3,800 பையன்கள். சொல்லாமலேயே ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். ஒருவன் படிக்குப் படி "தாத்தா, ஒண்ணு, தாத்தா, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே வந்தான். "வாழைமரம் கட்டலையாடா, மேளத்தைக் காணோம்?" என்கிறார் அப்பா. இறக்கி வைத்துவிட்டு, வந்ததுக்கு மட்டும் 500 கொடுங்கள் சார் போதும் என்று போய்விட்டார்கள். அவர்களைத் திருடர்கள் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோடியம் 128. 135க்குக் கீழே இருந்தாலே குறைச்சல். பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரையோடு நீர் பிரிகிற மாத்திரையும் சேர்ந்திருந்ததாம், டாக்டர் அதை மாற்றிவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். என்னைத் திட்டுகிற அளவுக்கு.

ஏசிக்கு என்ன என்கிறாயா? தெருமுனைக் கடை பாய் காலை ஆறரைக்கு வந்தார். போனில் அந்த "ம்ம்ம்ம், டக்"கை நடித்துக் காட்டினேன், "கெபாசிட்டர் சார்" என்றார், வருகிறபோதே புதுசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மெயினை அணைத்து, அவுட்டோர் மூடியைத் திறந்தால் அலுமினிய டப்பா, டார்ச் செல் மாதிரி, தலை மட்டும் பூரி உப்பின மாதிரி உப்பியிருக்கிறது. நான் விரலை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்து இரண்டு முனையையும் சேர்த்தார், பட்டென்று ஒரு பொறி. "கரன்ட் ஆஃப்தான் சார், ஆனா இது உள்ள வெச்சிருக்கும்" என்றார். மீட்டரில் 50 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது 17 காட்டியது. கம்ப்ரஸருக்கு முதல் உந்தல் கொடுப்பதே அதுதான், அது செத்தால் முனகத்தான் முடியும். பத்து நிமிஷம், 750 ரூபாய், கூலியோடு. நாலு வருஷம் எலெக்ட்ரிக்கல் படித்து, மெஷின்ஸ் லேபில் உன் ரெக்கார்டைப் பார்த்து எழுதி வாங்கின மார்க்குக்கு இதுதான் மிச்சம்.

கேஸ் விஷயம் கேட்டேன். அது என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீருவதற்கு என்றார். மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், அதை அடைக்காமல் ஏற்றினால் அடுத்த வருஷமும் ஏற்ற வேண்டியதுதான். அதுவும் கேஸ் கசிந்தால் குளிர்ச்சி நாள் கணக்கில் குறைந்து குறைந்து வரும், குழாயில் ஐஸ் கட்டும், ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். நல்லா ஓடின ஏசி ஒரே நொடியில் நின்றால் அது பெரும்பாலும் கரன்ட் சமாச்சாரம்.

அப்புறம் போகிற போக்கில் ஸ்டெபிலைசர் பிளக்கை உருவிப் பார்த்தார். பிளக்கின் ஒரு கால் கருகி, பாயின்ட்டின் பிளாஸ்டிக் பழுப்பாக இளகியிருந்தது. நாங்கள் அதற்கு நேர் கீழேதான் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் அட்டைப்பெட்டியை வைத்திருந்தோம்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உன் அம்மா. கரூரில் தனியாக. தினம் நியூஸில் வெயில் கணக்குச் சொல்லும்போது கரூர் பரமத்தி பேர் வந்தாலே எனக்கு இப்போது வயிற்றைப் பிசைகிறது. அம்மாவுக்கு ஏசி மாட்டிக் கொடுத்துவிட்டேன், பழைய பிரிட்ஜ் பாயின்ட்டிலேயே சொருகிவிட்டேன், பைசா செலவில்லை என்று போன வருஷம் பெருமையாகச் சொன்னாயே, அந்த வீட்டு வயரிங் உங்கள் தாத்தா காலத்தது. அதை உருவிப் பார்க்கச் சொல். நீயே உருவாதே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. ஏசிக்கென்று தனி வயர், தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழுகிற சுவிட்ச்), 16 ஆம்ப் பாயின்ட். பைசா செலவழி.

அப்புறம் அம்மா அந்த ஏசியைப் போடுகிறார்களா? போட மாட்டார்கள். ரெண்டு மாசக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் என்று உன் அம்மாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். 26ல் வைத்து ஃபேனையும் போட்டால் அவ்வளவு ஏறாது என்று சொல்லிப் பார். போன் பண்ணும்போது "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்காதே, எனக்கென்னடா என்பார்கள். மத்தியானத்துக்கப்புறம் எத்தனை தடவை பாத்ரூம் போனீங்க என்று கேள். திட்டுவார்கள், கேள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வை. எனக்குக் கீழே ஒரு அக்கா இருந்தார்.

ஜூன் முதல் வாரம் அப்பாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள். கரூர் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கோவை வருகிறேன், அந்தக் கல்யாணச் சாப்பாட்டு பாக்கியைத் தீர்த்துவிடு. நெட்டையையும் கூப்பிடலாம், ஆனால் பில் அவன் கொடுப்பதாக இருந்தால்.

அப்பா பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். யாருக்குடா எழுதுகிறாய் என்றார், சொன்னேன். அந்த ஃபேன் ரிப்பேர்க்காரனா என்று சிரிக்கிறார், ஆக ஞாபகமெல்லாம் சரியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏசி மறுபடி நின்றுபோய், நான் அலறியடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். ரிமோட் அவர் தலையணைக்கடியில் இருந்தது.

உன்,
மீசை