காலை நடைக்கு வரும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஒரு தடவை, மே சீசனுக்கு முன்னால் ஒரு தடவை, இவ்வளவுதான் வழக்கமாக உங்களுக்கு எழுதுவேன். இது கணக்கில் வராத மடல். காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மே மாதம் நம்ம வீட்டில் தங்கிக் குருவி பார்க்க வந்த ஒருவர் நம்மைப் பற்றி எழுதிய புகார் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, கோத்தகிரி மார்க்கெட்டில் எனக்குக் காய் போடும் அக்காவே "என்னண்ணா, குருவியைக் காட்டாமலே காசு வாங்கிட்டீங்களாமே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. கேட்டுவிட்டு ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா போட்டார். இரக்கப்பட்டுப் போட்டது அது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எழுதியதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அட்டை கடித்தது உண்மை. மழை விட்ட மறுநாள் சோலைக்குள் கால் வைத்தால் அட்டை ஏறத்தான் செய்யும். சாக்ஸும் உப்பும் கொடுத்திருந்தோம். வெந்நீர் ஆறிப்போனதும் உண்மை, ஹீட்டரை மாற்றியாகிவிட்டது. "தேயிலையைத்தான் காட்டினார்கள்" என்பது பாதி உண்மை. நம்ம ஹட்டியை, அதாவது மலைக்கிராமத்தை, சுற்றி மேலும் கீழும் தேயிலைதான், நடுநடுவே சில்வர் ஓக், மேட்டில் கற்பூர மரம். சோலை என்பது மலையின் மடிப்புகளில், ஓடை இறங்கும் இடங்களில் ஒளிந்து மிச்சம் இருப்பது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றுக்குக் குட்டையாகிப் போன மரங்கள், பாசி, பெரணி, உள்ளே பகலிலும் அரையிருட்டு. ஒரு மடிப்புக்குப் போக இரண்டு தோட்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலையே மொத்தம் 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் ஊரும் தோட்டமும். 18 கிராமத்துக்குத் தண்ணீர் அதிலிருந்து வருகிறது. 2024-ல் அதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். அப்போது இங்கே வந்த நிருபர்கள்கூட முதலில் தேயிலையைத்தான் படம் பிடித்தார்கள்!

சரி, இனி நெஞ்சில் குத்தியதற்கு வருகிறேன். "பறவையை வேண்டுமென்றே மறைத்தார்கள், என் கையைத் தட்டிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். நடந்தது இது.

மே மாதம், இரண்டாம் நாள் காலை ஆறேகால் மணி. நம்ம ஓடைச் சரிவு. முதல் நாள் நீலகிரி சிரிப்பான் கூட்டமாகத் தவிட்டுப்பழப் புதரில் கும்மாளம் போட்டதைப் பார்த்தார், காட்டுப்புறாவைப் பார்த்தார், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் அவர் தொப்பிக்கு இரண்டடி தள்ளி வந்து உட்கார்ந்தது. எதிலும் அவருக்கு மனம் நிறையவில்லை. அவருக்கு வேண்டியது நீலகிரி சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, ஆள் சாம்பல் நீலத்தில், விலாவில் செம்பழுப்போடு, நெட்டைக்கால் போட்டுத் தரையோரம் தத்தும் ஒரு சின்னக் குருவி. இருட்டு விலகும் நேரத்தில் பாதை ஓரம் வரும், வெளிச்சம் ஏறினால் புதருக்குள் போய்விடும். அன்று பாடியது, வரவில்லை. "குரலைப் போட்டு வரவழையுங்கள்" என்றார். நாங்கள் போடுவதில்லை என்றேன். உடனே தன் போனை எடுத்து, பதிவு செய்த குரலைச் சத்தமாக வைத்துவிட்டார்.

குருவி வந்தது. வாயில் ஒரு புழு. கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெரணி வேரில் நின்று, தொண்டையை உப்பி, இப்படியும் அப்படியும் திரும்பித் தேடியது. வாயில் புழு இருந்ததால் முழுசாகப் பாடவும் முடியவில்லை. புழு நெளிந்துகொண்டே இருந்தது. கேமரா படபடவென்று அடித்தது. போன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நிமிடம் பொறுத்தேன், இரண்டு நிமிடம் பொறுத்தேன். அப்புறம் போன் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். போன் மேல், அவர் கை மேல் அல்ல. "நிறுத்துங்க சார்" என்று சொன்ன குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். ஆனால் பறவையை மறைத்தேன் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் போட்ட படங்களில் அந்தப் புழு தெளிவாகவே தெரிகிறது, வேண்டுமானால் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அலட்டல் என்று புதியவர்கள் கேட்கலாம். இந்தக் குருவி ஊர் சுற்றுவதில்லை. பெரும்பாலும் பிறந்த மடிப்பிலேயே இடம் பிடித்து, அங்கேயே காலத்தை ஓட்டுகிறது. நடுவில் தேயிலை வந்துவிட்டால் அடுத்த மடிப்புக்குத் தாண்டிப் போவதும் அதற்கு லேசில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, வேறு இனம். இடையில் இருக்கும் பள்ளத்தை இரண்டும் கடப்பதில்லை. 2017-ல் ஆய்வாளர்கள் இவற்றுக்குத் தனிப் பேரினமே வைத்தார்கள், சோலிகோலா என்று. நம்ம 'சோலை' அறிவியல் பெயரில் ஏறிவிட்டதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன். ஏப்ரலில் இருந்து ஜூன் வரை கூடு கட்டும் காலம், இரண்டு முட்டைதான். அந்த நேரத்தில் போனில் ஒரு குரல் கேட்டால் அதற்கு அது பாட்டு இல்லை. யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று அர்த்தம். தீனியை விட்டுச் சண்டைக்கு வரும். ஒருவர் ஐந்து நிமிடம் போட்டால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் சீசனில் ஒரே சரிவுக்கு ஒரு நாளைக்கு நாலு குழு வருகிறது. நாலு குழுவும் போட்டால்? உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் இனம் சார் இது. நம்ம ஓடையில் எனக்குத் தெரிந்து இரண்டு ஜோடி. இரண்டே இரண்டு.

என் பக்கத் தவறு ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டில் தொங்கிய ஃபிளெக்ஸில் "சோலைக்கிளி நிச்சயம்" என்று இருந்தது. கடைக்காரர் அழகுக்காகச் சேர்த்தார், நானும் தலையாட்டினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் குழந்தை குட்டியோடு அத்தனை வளைவு ஏறி வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஃபிளெக்ஸை இறக்கியாகிவிட்டது, இப்போது விறகு அடுக்கின் மேல் மழைக்கு மூடியிருக்கிறது.

அடுத்தது, நம்ம வழிகாட்டித் தம்பி. ஏழு வருடம் உங்களைக் கூட்டிப்போனவன், இலை அசைவதை வைத்தே இன்ன குருவி என்று சொல்பவன். இந்தப் புகாரால் நான் அவனை விரட்டிவிட்டேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இல்லை. கீழே வேறொரு இடத்தில், மறைவுக் கூடாரம் கட்டிப் புழு போட்டுப் பறவையை வரவழைக்கும் இடத்தில், என்னால் தர முடியாத சம்பளம் தருகிறார்கள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளை டவுன் பள்ளியில் சேர்த்திருக்கிறான். போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? போகும்போது பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போனான். இனி நானும் என் தங்கை மகளும் கூட்டிப்போவோம். அவள் கல்லூரி முடித்தவள், நாலு வருடமாகத் தினமும், பார்த்த பறவைகளைப் பதியும் ஈ-பேர்ட் தளத்தில் பட்டியல் போடுகிறாள், என் முழங்காலைவிட அவள் முழங்கால் நன்றாக இருக்கிறது.

சில மாற்றங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓடைச் சரிவு மூடியிருக்கும். அதற்குப் பதில் மேல்பாதை. அங்கே சிரிப்பானும் நீலகிரி ஈப்பிடிப்பானும் கண்டிப்பாக... இல்லை, பெரும்பாலும் கிடைக்கும். லாங்வுட்டுக்கு வனத்துறை அனுமதி கிடைக்கும் நாட்களில் மட்டும் போவோம். குழுவுக்கு ஆறு பேர். கேஸ், டீசல், ஜீப் வாடகை எல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான், ஆகவே நடைக்கு ஆளுக்கு 900 என்பது 1,300 ஆகிறது, முன்பணம் இனித் திருப்பித் தர இயலாது. சுக்குக்காப்பி எப்போதும் போல இலவசம், வேண்டிய மட்டும் குடிக்கலாம்.

காரில் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனாலும் வாரம் ஒருவராவது சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடுகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள்ளேயே ஆகாது, செம்போ ஃபிளாஸ்கோ கொண்டு வாருங்கள். விடிகாலையில் வீட்டிலிருந்து தனியாக இறங்க வேண்டாம். இப்போது இரண்டு காட்டுமாடு கீழ்த் தோட்டத்திலேயே படுத்திருக்கிறது, கரடியும் நடமாடுகிறது.

புகார் சுற்றிய அந்த வாரத்தில் எத்தனை பேர் கூப்பிட்டீர்கள்! எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒவ்வொரு ஜனவரியும் வரும் கோயம்புத்தூர் டீச்சர் தம்பதி, "நாங்க பதில் எழுதட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சோலைக்கிளியைப் பார்க்காமலே வந்துகொண்டிருக்கும் சென்னை ரிட்டயர்டு சார், "குரல் கேட்டாச்சே, அது போதும்பா" என்றார். உங்களை எல்லாம் வைத்துத்தான் இந்த வீட்டு அடுப்பு எரிகிறது. என் வீட்டுக்காரியும் சொல்லச் சொன்னாள்: ராகிக் களியும் அவரைக் குழம்பும் கேட்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டுமாம்.

குளிர்கால நடை நவம்பரில் தொடங்குகிறது. வடகிழக்கு மழை நமக்குத்தான் அதிகம், அதனால் தேதி ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம். காஷ்மீரிலிருந்து இறங்கும் ஈப்பிடிப்பானைத் தேடி மேலே ஊட்டிப் பக்கமும் ஒரு நாள் போவதாக இருக்கிறோம்.

அன்புடன்,
நீங்கள் வந்து தங்கும் வீட்டின் சொந்தக்காரர்
கோத்தகிரி

பி.கு.: போன டிசம்பரில் வந்த யாரோ ஒருவர் சாம்பல் நிற மங்கி குல்லாவையும், ஒரு பல் செட்டையும் விட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று தெரியவில்லை. பத்திரமாக இருக்கிறது.