சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை, வேலை தேடாத இந்த வயதிலும் விடாமல் படிக்கிறேன். 26 ஆண்டுகள் பணியாளர் பிரிவில் குப்பை கொட்டியவள், பழக்கதோஷம். 'துடிப்பானவர் தேவை', 'எதையும் சமாளிப்பவர் தேவை' என்று வருகிறதே தவிர, சேர்ந்தவர் திங்கட்கிழமை காலையில் வந்து என்ன செய்வார் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. விளம்பரத்தில் இடம் குறைவு, சரி. ஆபீஸ் ஃபைலில் இருக்கும் ஜே.டி.யிலும், அதாவது ஒரு வேலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் குறிப்பிலும், அது இருக்காது என்பதுதான் என் வருத்தம். அப்படிப்பட்டவற்றை நானே நிறைய எழுதித் தள்ளியிருக்கிறேன்.

ஒருமுறை அவசரத்தில் வேறொரு நிறுவனத்தின் ஜே.டி.யைப் பார்த்து எழுதினேன். 'கிளைகளுக்கு அடிக்கடி பயணம் செய்ய வேண்டும்' என்ற வரியும் கூடவே வந்துவிட்டது. எங்களுக்குக் கிளையே கிடையாது. இன்டர்வியூவில் ஒருவர் "மாதத்துக்கு எத்தனை நாள் வெளியூர், மேடம்?" என்று கேட்டபோதுதான் விழித்தேன்.

ஸ்டோர்ஸுக்கு இரண்டாவது ஆள் எடுக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே இருந்தவரின் ஜே.டி.யில் 'சரக்கு இருப்பைப் பராமரித்தல்' என்று ஒரே வரி. ஒருநாள் முழுக்க அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லாரி வந்தது. பெட்டிகளை எண்ணினார், இன்வாய்ஸைப் பார்த்து டிக் அடித்தார், மூலை நசுங்கிய இரண்டைத் தனியே வைத்தார். அப்புறம் சலானிலேயே 'இரண்டு சேதம்' என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். "இது இல்லைன்னா சப்ளையர் மாத்தித் தரமாட்டாரும்மா" என்றார். அந்த வேலையின் உயிரே அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. எங்கள் காகிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

'வரும் சரக்கை இறக்கும்போதே இன்வாய்ஸுடன் சரிபார்ப்பது. குறைவோ சேதமோ இருந்தால் சலானில் குறித்து டிரைவரின் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே கொள்முதல் பிரிவுக்குத் தெரிவிப்பது' என்று மாற்றி எழுதினேன். நீளம்தான், ஆனால் புதிதாக வந்த பையன் அதை வைத்துக்கொண்டே முதல் லாரியைப் பார்த்துவிட்டான். பராமரித்தல், ஒருங்கிணைத்தல், உறுதுணையாக இருத்தல் எல்லாவற்றையும் அன்றோடு தலைமுழுகினேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் இந்த ஸ்டோர்ஸ் வேலைக்குக்கூட 4321 என்று தனி எண் உண்டு. 'வேலை' என்பதற்கு அதில் தந்திருக்கும் விளக்கம், ஒருவர் செய்கிற அல்லது செய்ய வேண்டிய பணிகளின் தொகுப்பு. அந்த 'அல்லது'க்கு இரண்டு பக்கமும் இருப்பது ஒன்றேதானா என்று நாம் போய்ப் பார்ப்பதே இல்லை.

தகுதி விஷயம் இன்னும் மோசம். அதே ஜே.டி.யில் '25 கிலோ தூக்கக் கூடியவர்' என்று இருந்தது. டிராலி வந்த பிறகு யாரும் எதையும் தூக்கவில்லை. அந்த வரி மட்டும் போகவில்லை. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர், குறிப்பாக எத்தனை பெண்கள், விண்ணப்பிக்காமலே விட்டார்களோ. 'பட்டதாரியாக இருக்க வேண்டும்' என்றும் இருந்தது. நான் சொன்ன அந்தப் பெரியவர் படித்தது பத்தாம் வகுப்பு.

'மேலதிகாரி அவ்வப்போது சொல்லும் இதர பணிகள்' என்று கடைசியில் ஒரு வரி போடுவார்களே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. ஆனால் பாதி நாள் அந்த ஒரு வரியிலேயே போகிறதென்றால் அந்த வேலையை யாரும் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, மேலே ஏற்ற வேண்டியதை ஏற்றலாம். அரை மணி நேர வேலை.

எழுதி முடித்ததும் வேலை செய்கிறவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் கொடுத்ததை அந்தப் பெரியவர் இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'ஸ்டோர்ஸ் சாவி என்னிடம் மட்டும் இருக்கிறது. நான் லீவில் போனால் யாரிடம் கொடுப்பது?'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அதிகாரி ஒருவர்