பிள்ளை ‘வலிக்கிறது’ என்றால் பயிற்சி நிற்க வேண்டும்: தமிழக ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். அரசு விளையாட்டரங்குகளிலும் தனியார் பயிற்சியகங்களிலும் ஆறு, ஏழு வயதிலிருந்தே பிள்ளைகளைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் உங்களுக்கு, அப்பிள்ளைகளுள் ஒருத்தியின் தாயாக இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சியின்போது ஒரு குழந்தை ‘வலிக்கிறது’ என்றோ ‘பயமாக இருக்கிறது’ என்றோ சொன்னால், அந்த அசைவு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது சாக்கா, உண்மையா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நடப்பது வேறு. முன்காலை மேட் அடுக்கின் மீது வைத்துக்கொண்டு கால்களை முன்னும் பின்னும் நேராக நீட்டிப் பிள்ளை ஸ்ப்ளிட்டில் இறங்குகிறாள். இடுப்பு தரையைத் தொட இன்னும் நான்கு விரற்கடை இருக்கிறது. பின்னாலிருந்து பயிற்றுநர் தோளைப் பிடித்து அழுத்த, அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஓவென்று அழுகிறாள். இருபது எண்ணி முடிக்கும்வரை எழக் கூடாது என்று உத்தரவு வருகிறது. கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோரோ, ‘கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு’ என்கிறார்கள். பிள்ளை தானாக எட்டும் எல்லைக்கும், பெரியவர் ஒருவரின் உடல் எடையால் எட்டவைக்கப்படும் எல்லைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

வளரும் எலும்பின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது. முற்றிய எலும்பைவிட வலுக்குறைந்தது. மற்ற பல விளையாட்டுகளில் காலோடு நின்றுவிடும் சுமை இங்கே கைக்கும் வருகிறது. கையூன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டிலும், பின்னோக்கிக் கையூன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கிலும், ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவும் வால்ட்டிலும் உடல் முழுவதையும் மணிக்கட்டே தாங்குவதால், முன்கையின் ஆரை எலும்பில் அந்தத் தட்டு நொந்துபோகும் நிலைக்கு மருத்துவர்கள் ‘ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். டேப்பைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தால், தட்டு முன்கூட்டியே மூடி, ஆரை எலும்பின் வளர்ச்சி நின்று, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு மணிக்கட்டு நிரந்தரமாகக் கோணிப்போகவும் கூடும். மீண்டும் மீண்டும் பின்னோக்கி வளைவதால் கீழ்முதுகு முள்ளெலும்பில் ஏற்படும் நுண்விரிசலும், தொடக்கத்தில் ‘லேசா முதுகு வலிக்குது மாஸ்டர்’ என்ற அளவில்தான் தலைகாட்டும். எக்ஸ்ரேயில்கூட அப்போது தெரியாமல் போகலாம். அந்தக் கட்டத்தில் நமக்கு இருக்கும் சான்று பிள்ளையின் வாய்ச்சொல் மட்டுமே.

பயத்தையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறேன். 1978இல் உலக சாம்பியனான சோவியத் வீராங்கனை எலேனா முகினா, கால் முறிவிலிருந்து முழுமையாகத் தேறுமுன்பே கடும் பயிற்சிக்கு அழைத்துவரப்பட்டார். காற்றில் கரணமடித்துத் தரையில் உருண்டு முடிக்கும் தாமஸ் சால்டோ என்னும் அசைவு தனக்கு ஆபத்தாக முடியும் என்று அவர் பயிற்றுநரிடம் சொல்லியும் இருந்தார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்த 1980 ஜூலையில், மின்ஸ்க் நகரில் அதே அசைவில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. 2006இல் இறக்கும்வரை உடல் செயலற்றே வாழ்ந்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிவிட்டது என்று அணி இறுதிப்போட்டியின் நடுவே விலகினார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அந்தச் சொல்லை ஏற்றார்கள். 2024இல் பாரிஸில் அவர் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27.

வயதைக் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். மகளிர் பிரிவில் 16 வயது நிறையும் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் ஆட முடியும் என்பது 1997 முதல் விதி. அகர்தலாவின் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகளோடு வால்ட்டில் நான்காவதாக வந்தபோது வயது 23. முழங்கால் காயம், அறுவைசிகிச்சை எல்லாவற்றையும் கடந்து 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வென்றபோது 30. நிலைமை இப்படியிருக்க, ஒன்பது வயதுப் பிள்ளை அடுத்த மாத மாவட்டப் போட்டிக்குள் ஓர் அசைவைக் கற்றே தீர வேண்டும் என்பதற்கு என்ன அவசரம்?

அந்த அவசரத்தில் பாதி பெற்றோருடையது என்பதை மறைப்பதற்கில்லை. பதக்கம் வராவிட்டால் வேறு பயிற்சியகத்துக்குப் போய்விடுவோம் என்று மிரட்டுவோரும், பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக இப்போதே சான்றிதழ் சேர்ப்போரும் எங்களுள் உண்டு. சொற்பச் சம்பளத்தில், நிரந்தரமில்லாத வேலையில் இருக்கும் பயிற்றுநரால் அந்த அழுத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால், ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று ஒரு பயிற்றுநர் என்னிடம் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள, 125 சென்டிமீட்டர் உயர பீம் என்னும் சட்டத்தின் மேல் பக்கவாட்டில் கரணமடிக்கும் கார்ட்வீல் போடுகிறவளின் கண் பீமில் இருக்க வேண்டும். திட்டுக்கு அஞ்சுகிறவளின் கண் பயிற்றுநரின் முகத்துக்குத்தான் போகும்.

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையிலான விசாரணை 2022இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது, அங்கேயும் அதிக வேறுபாடில்லை என்று தெரிந்தது: அழ அழ நீட்டிப்பது, காயத்தோடு ஆடவைப்பது, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் விடாதது, எடையைக் காட்டி அவமானப்படுத்துவது. பிறகு அங்கே பயிற்றுநர்களே பிள்ளைகளை எடை பார்ப்பதற்குத் தடை வந்தது. இங்கோ, எல்லார் முன்னிலையிலும் எடை இயந்திரத்தில் ஏற்றி, ‘என்ன, பூசணிக்காய் ஆயிட்டே’ என்று சிரிப்பது இன்னும் வேடிக்கையாகவே கருதப்படுகிறது. பூப்பெய்தும் வயதில் உடல் பெருப்பது இயல்பு. அந்தச் சிரிப்புக்கு அஞ்சி இரவு உணவைத் தவிர்க்கும் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் எலும்பு நலிவதும் மருத்துவம் அறிந்த தொடர்விளைவுகள்.

பயிற்சிக்கூடத்தின் கதவு பெற்றோருக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்தே கேட்கிறேன். இந்த விளையாட்டில் பிடித்துத் தாங்காமல் கற்பிக்க முடியாது. ஆகவே எங்கே, எதற்காகத் தொடப்போகிறீர்கள் என்பதை முன்னதாகப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அமெரிக்க அணி மருத்துவர் லாரி நாசர் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018இல் சிறைத் தண்டனை பெற்றதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுமிகள் சிலர் பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள், நம்பத்தான் ஆளில்லை. நம் நாட்டிலும் அத்தகைய குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் புகார் அளிக்காதிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இதைப் பயிற்சியகத்தின் பெருக்குநர் முதல் உரிமையாளர் வரை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த போட்டிக்கான பயிற்சி தொடங்குமுன் ஒரு பெற்றோர் கூட்டம் கூட்டுங்கள். வலி, எடை, தொடுதல் ஆகிய மூன்றிலும் உங்கள் பயிற்சியகத்தின் விதி என்ன என்பதை எழுத்தில் தாருங்கள். பிள்ளை ‘வேண்டாம்’ என்றதால் ஓர் அசைவு கைவிடப்பட்டு, அதனால் புள்ளி குறைந்து, பதக்கம் போனாலும், அதற்காகப் பயிற்றுநரைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று நாங்களும் அதே தாளில் கையெழுத்திடுகிறோம்.

இப்படிக்கு,
ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் ஒரு சிறுமியின் தாய்