தரம் 3ஐ முதலில் பாருங்கள்: மலையகக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணக் கல்விச் செயலாளர்களுக்கும், நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, பதுளை, பண்டாரவளை வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், தோட்டப்புறப் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தால் பணிமனையில் கூட்டம் நடக்கிறது. கணிதத்தில் சித்தி குறைந்த பாடசாலைகளைப் பட்டியல் போடுகிறோம். தரம் 11க்கு மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு, கடந்தகால வினாத்தாள் என்று முடிவெடுக்கிறோம். அந்த உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் சித்தி பெறாத பிள்ளை கணிதத்தைக் கைவிட்டது தரம் 11இல் அல்ல. பெரும்பாலும் தரம் 3இல், கழித்தலில். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறவர்களும் கற்பித்து ஓய்வுபெற்றவர்களுமான நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அனுபவமுள்ள ஆசிரியரை முதல் மூன்று தரங்களில் நிறுத்துங்கள், தரம் 3 முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே சோதியுங்கள்.

ஏன் கழித்தல் என்று கேட்பீர்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். அந்த ஒரே பிழைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு பிள்ளை 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று போடுகிறது. இன்னொரு பிள்ளை பத்தைக் கடன் வாங்கி 12இலிருந்து 7ஐச் சரியாகவே கழிக்கிறது. ஆனால் பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறது. கொப்பியில் இரண்டும் 35தான். சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டுப் போகும் ஆசிரியருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்ததாக 60 − 27 கொடுத்துப் பாருங்கள். முதல் பிள்ளை 47 என்றும் இரண்டாவது பிள்ளை 43 என்றும் எழுதும். முதல் பிள்ளைக்கு இடப்பெறுமானமே, அதாவது இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பதே, விளங்கவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் கழிக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குச் சில நாள் பயிற்சியே போதும். இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொன்னால் இருவருக்கும் பயனில்லை.

இடப்பெறுமானம் விளங்காத பிள்ளைக்குத் தசமம் விளங்காது, நெடும்பிரித்தல் ஓடாது. பின்னம் மனப்பாடமாகிவிடும்: அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும். பிறகு அட்சரகணிதம் வரும்போது ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம். சாதாரண தரத்தில் கணிதம் போனால் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நினைக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கீடு இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவைதான். இடம் இருந்தும் அதற்குப் போட்டியிடும் பிரிவு வரை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் மிகச் சிலரே வருகிறார்கள். தொழிற்பயிற்சிக்குப் போனாலும் இதே கதைதான். மின்னிணைப்பு படிக்கும் பையன் மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றில் இரண்டைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்டால் திணறுவது மின்சாரம் புரியாமலல்ல, பிரித்தல் புரியாமல்.

வாசிப்பிலும் இப்படித்தான். தரம் 2 பிள்ளை பாடநூலைக் கடகடவென்று வாசித்தால் நம்பிவிடாதீர்கள்; பக்கம் பாடமாகியிருக்கும். கடைசி வரியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் கேளுங்கள். அல்லது பாடநூலில் இல்லாத ஐம்பது சொல் கொண்ட ஒரு பந்தியைக் கொடுங்கள். கொம்பு வரும் இடத்தில் தடுமாற்றம் வெளிப்படும்: எழுத்தில் முன்னால் நிற்பது ஒலியில் பின்னால் வருகிறது. ‘கொ’வைக் ‘கெ’ என்று வாசித்துவிட்டுக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் நிறையப் பேர். ‘கௌ’வில் உள்ள குறியை ‘ள’ என்று வாசிப்பதும் உண்டு. உகர, ஊகாரங்களில் ‘கு’வைப் பார்த்து ‘து’வை ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். இதற்குப் பொறுமையுள்ள ஆசிரியர் வேண்டும். சிங்களத்திலும் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால்தான் வருகிறது. தமிழில் இதைத் தெளிவாகப் பிடித்த பிள்ளைக்குப் பின்னால் இரண்டாம் மொழி எழுத்து சிரமம் தராது. அரச சேவையில் அந்த மொழித் தேர்ச்சிக்கு என்ன மதிப்பு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது தோட்டப் பாடசாலையில் தரம் 1 யாரிடம் இருக்கிறது? புதிதாக நியமனம் பெற்றவரிடம், அல்லது சொற்பக் கொடுப்பனவில் எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளரிடம். அவர்கள்மீது எங்களுக்குக் குறையில்லை. பயிற்சிக்கு முன்பே கடினமான வகுப்பைக் கொடுத்ததுதான் பிழை. அனுபவசாலி தரம் 5க்குப் போகிறார், புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால். வெட்டுப்புள்ளியைத் தாண்டும் சில பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போடுகிறோம். தாண்டாத பிள்ளைகள் தரம் 4இலிருந்தே வினாத்தாளுக்கு விடை குறிக்கப் பழகி, வாசிக்கப் பழகாமல் தரம் 6க்குப் போகிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் ஆரம்பக் கல்வி பயின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தரம் 1இல் தொடங்கி அதே வகுப்போடு தரம் 3 வரை விடுங்கள். யாராவது லீவு போட்டால் பதில் பாடவேளைக்கு அவர்களை இழுக்காதீர்கள்.

தரம் 3, 4, 5 பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் ஒன்றாகச் சேர்த்து, வயதால் அல்ல, வாசிக்கும் நிலையால் குழுவாக்குங்கள்: எழுத்து தெரியாதவர், சொல் வாசிப்பவர், பந்தி வாசிப்பவர். இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள சிறிய பாடசாலையிலும் இது முடியும். எழுத்துக் குழுவை அதிபரோ மூத்த ஆசிரியரோ எடுக்க வேண்டும். அதை இளையவரிடம் தள்ளினால் திட்டமே பயனற்றுப்போகும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. பதுளை, பசறை பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் வடகீழ் பருவமழை. அந்த வாரங்களில் தோட்டத்தின் மேல் பிரிவு லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வரும் பிள்ளைகள் குறைவார்கள். இடப்பெறுமானம், கடன் கழித்தல் போன்ற பாடங்களை இரண்டு மாகாணத்துக்கும் ஒரே வாரத்தில் போடும் நேரசூசி இங்கே பொருந்தாது. வராத பிள்ளைக்கு வரவு இடாப்பில் ஒரு குறி போட்டால் போதாது. எந்தப் பாடம் தவறியது என்று எழுதிவையுங்கள், திரும்பி வரும் நாளில் அதையே முதலில் கொடுங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. பாடசாலையில் சேர்விலக்கத்தோடு ஒரு சேர்வுப் பதிவேடு இருக்கிறது. அதில் நான்கு நிரல் கூட்டுங்கள்: தரம் 3 முடிவில் வாசித்தாரா கழித்தாரா, சாதாரண தரக் கணிதப் பெறுபேறு, உயர்தரப் பிரிவு, இருபது வயதில் செய்யும் வேலை. தம்பி தங்கைகள் அதே பாடசாலையில் படிப்பதால் விசாரிப்பது சிரமமில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களில்தான் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு பழைய மாணவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கு எழுத்துப் பழக்கிய பாடசாலைக்குத் தெரியாது. தெரிந்தால்தான் தரம் 1 ஆசிரியரின் வேலைக்கு உரிய மதிப்பை நீங்களும் கொடுப்பீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான வகுப்புப் பொறுப்புகளை அதிபர்கள் தீர்மானிக்குமுன் இது பற்றிய சுற்றறிக்கை வலயங்களிலிருந்து வர வேண்டும். தனியே சோதிக்கும் படிவத்தையும் பந்திகளையும் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். ஆசிரிய ஆலோசகர்களை ஒரு நாள் அனுப்பினால் செய்து காட்டவும் தயார்.

இப்படிக்கு,
மலையக ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்