கால்சியத்தின் கையில் கடிதம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செல்லுக்குள் தகவல் எப்படிப் போகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஹார்மோன் பற்றிய பகுதியில் குறை ஏதுமில்லை. கூடவே போட்டிருந்த படம்தான் உறுத்துகிறது. 'கால்சியம்' என்று பெயர் எழுதிய ஓர் உருண்டை, கையில் கடித உறையோடு செல்சவ்விலிருந்து உட்கரு வரை ஓடுகிறது. செல்சவ்வோ வெறும் மதில்சுவர். நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன். ஏறக்குறைய இதே படத்தைக் கரும்பலகையில் வருடக்கணக்கில் போட்டவன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். உருண்டையும் தப்பு, சுவரும் தப்பு.

முதலில் உருண்டை. ஒரு கால்சியம் அயனிக்கும் இன்னொன்றுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. அதில் எழுதி அனுப்ப ஒன்றுமில்லை. பின்னே செய்தி எங்கிருந்து வருகிறது? எண்ணிக்கையிலிருந்து. ஒரு சிறு கணக்கு. பக்கத்துக்கு 10 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரமாக ஒரு செல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அது சும்மா இருக்கும்போது அதன் சைட்டோபிளாசத்தில் கட்டுப்படாமல் திரியும் கால்சியம் அயனிகள் சுமார் 60,000தான். வெளியே உள்ள திரவத்தில் அதே அளவு இடத்தை வெட்டி எடுத்தால் 60 கோடிக்கு மேல் இருக்கும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இதைக் காப்பாற்ற, செல் இரவு பகலாக ஆற்றலைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியேயும், உள்ளிருக்கும் சேமிப்பறையான எண்டோபிளாச வலைக்குள்ளும் இறைத்துக்கொண்டே இருக்கிறது.

ஏன் இந்த விரட்டல்? செல்லின் ஆற்றல் வரவுசெலவு முழுக்க பாஸ்பேட்டில் நடக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சேர்ந்தால் படிந்து கெட்டியாகிவிடும். எலும்பின் உப்பே இந்த இரண்டும் சேர்ந்ததுதானே! செல்லுக்குள் எலும்பு விளையாமலிருக்கத் துடைத்துத் துடைத்து வைத்த இடம் அது. அதனால்தான் கொஞ்சம் கால்சியம் நுழைந்தாலும், வெள்ளைத் துணியில் விழுந்த மைத்துளிபோல் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் துளிதான் செய்தி.

அது ஓடுவதுமில்லை. நுழைந்த அயனியை அக்கம்பக்கத்துப் புரதங்கள் உடனே பிடித்துக்கொள்கின்றன. 1992இல் அளந்து பார்த்தபோது, பிடிபடாத கால்சியம் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடத் தாண்டுவது கடினம் என்று தெரிந்தது. கட்டுரையில் தூதர் என்றே பெயர் பெறாத ஐபி3 என்ற சிறு மூலக்கூறோ 20 மைக்ரோமீட்டருக்கு மேல் போகிறது. உண்மையில் ஓடுவது அதுதான்.

அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சுவர் விஷயம் வருகிறது. சவ்வில் பிஐபி2 என்றொரு கொழுப்பு இருக்கிறது, மொத்தக் கொழுப்பில் நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். வெளியே ஹார்மோன் வந்து, சவ்வில் அதைப் பிடிக்கும் புரதமான ஏற்பியைத் தொட்டதும், பாஸ்போலிபேஸ் சி என்ற நொதி இந்தக் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. தலைப்பகுதி, அதாவது ஐபி3, நீரில் கரையக்கூடியது. சவ்வை விட்டுக் கழன்று உள்ளே போய் எண்டோபிளாச வலையின் கதவைத் திறக்கிறது. சேமித்து வைத்த கால்சியம் கொட்டுகிறது. வால்பகுதி டைஅசைல்கிளிசரால். எண்ணெய்த்தன்மை உள்ளது, நீருக்குள் இறங்காது, சவ்விலேயே காத்துக் கிடக்கிறது. கொட்டிய கால்சியம் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைப் பிடித்துச் சவ்வுக்குக் கொண்டுவர, அங்கே அந்த வால் அதை வேலைக்கு எழுப்புகிறது. ஒரே மூலக்கூறின் இரண்டு துண்டுகள், வேறு வேறு வழியில் போய், ஒரே நொதியில் மறுபடி சந்திக்கின்றன. இதை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது ஒரு நாளில் கிடைத்த அறிவும் அல்ல. 1953இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதி புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருளைச் சேர்த்தபோது, சவ்வின் கொழுப்பில் தடம் காட்டக் கலந்த கதிரியக்கப் பாஸ்பரஸ் மளமளவென்று ஏறியது. சுவர் ஏன் இப்படித் தன்னைத்தானே உடைத்துக் கட்டிக்கொள்கிறது என்பது புரிய முப்பது வருடம் ஆனது. 1983இல் மைக்கேல் பெரிட்ஜும் உடன் உழைத்தவர்களும் ஐபி3தான் கால்சியத்தை விடுவிக்கிறது என்று காட்டினார்கள். புரோட்டீன் கைனேஸ் சி நொதியின் பக்கத்தை ஜப்பானில் நிஷிசுகா என்ற விஞ்ஞானி கண்டறிந்திருந்தார். நேர்வாள எண்ணெய் தோலில் ஏன் அப்படி எரிச்சலைக் கிளப்புகிறது என்பதற்கும் அங்கேதான் விடை: அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர் டைஅசைல்கிளிசராலைப் போல வேஷம் போட்டு அந்த நொதியை எழுப்பிவிடுகிறது, எளிதில் விடுவதுமில்லை.

செய்தியின் பொருளும் கால்சியத்திடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. தசையில் டிரோபோனின் என்ற புரதம் கேட்டால் சுருக்கம். உமிழ்நீர்ச் சுரப்பியில் சுரப்பு. ஜப்பானிய மெடாக்கா மீனின் முட்டைக்குள், கால்சியம் பட்டால் ஒளிரும் புரதத்தைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள்: விந்தணு நுழைந்த முனையில் ஒரு வெளிச்சம் கிளம்பி, ஒரு மில்லிமீட்டர் முட்டையை இரண்டு நிமிடம்போல எடுத்துக்கொண்டு கடந்து போகிறது. அங்கேயும் எந்த அயனியும் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. ஓரிடத்தில் ஏறிய கால்சியம் பக்கத்துக் கதவைத் திறக்க, அது அடுத்ததைத் திறக்கிறது.

திருத்தம் போடுவது இதழுக்குக் கௌரவக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கால்சியத்தின் கதையே ஒரு திருத்தத்தில்தான் தொடங்கியது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உப்புக் கரைசலில் தவளை இதயம் துடிப்பதைப் பற்றி எழுதிவிட்டார். கரைசல் வடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கரைக்கப்பட்டது என்பது பிறகே தெரிந்தது. வடிநீரில் செய்ததும் துடிப்பு மங்கி நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் அதை ஒப்புக்கொண்டு அச்சில் எழுதினார்.

ஆகவே அடுத்த இதழில் படத்தை மாற்றிப் போடுங்கள். உருண்டையின் கையிலிருந்து உறையை எடுத்துவிட்டு, மதிலில் ஒரு செங்கல்லை இரண்டாக உடைத்து வரையச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

பி.கு.: அளவும் சரியாக இருக்க வேண்டுமானால், சவ்வுக்கு உள்ளே ஒரு புள்ளி வைத்தால் வெளியே 10,000 வைக்க வேண்டும். ஓவியர் என்னைத் திட்டாமலிருக்கட்டும்.