மாப்பிள்ளைக்கு, புல்லட் ஹெட்லைட் கண்ணாடி விஷயமாக

கொழிஞ்சாம்பாறை,
ஆனி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டது என்றும், மூத்தவளுக்குப் புனலூரிலேயே வேலை அமைந்துவிட்டது என்றும் படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை இன்னும் முழுசாக இறங்கவில்லை. கணவாய்க் காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. மற்ற ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் புல்லட்டின் உடைந்த ஹெட்லைட் கண்ணாடிக்கு வருகிறேன்.

"கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இப்படிக் கேட்டால் அவனும் ஒரே வரியில் "ஏழு இஞ்ச்தானே, இந்தாங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டுவான். அது ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள ரிம்மில் உட்காரும், பகலில் பார்க்க லட்சணமாகவும் இருக்கும். புளியரை எஸ் வளைவில் ராத்திரி ஏறும்போதுதான் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளையைத் தேடுவது தெரியும். கண்ணாடியும், பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் கிண்ணமான டூமும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுவதானால் புதிதாக வருவது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாது என்று தெரிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே மேல்.

உன் வண்டியில் உள்ள டூம் குழிவான பரவளைவு. பல்ப் இழை சரியான இடத்தில் நின்றால் டூம் தருவது குழாய் போன்ற ஒரே கற்றை. அதை ரோட்டின் அகலத்துக்கு விரிப்பதும், டிம்மில் கீழே இறக்குவதும் கண்ணாடியின் உள்பக்கத்தில் இருக்கும் வரிகளும் கட்டங்களும்தான். செங்குத்து வரிகள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பரப்பும், பட்டகம் மாதிரி இருக்கும் கட்டங்கள் அதைத் தாழ்த்தும். அதனால்தான் கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் சாதாக் கண்ணாடியை வட்டமாக வெட்டிப் போடுகிற வைத்தியம் எனக்குப் பிடிக்காது. நடுவில் ஒரு பொட்டு மட்டும் பளிச்சென்று விழும், ஓரம் இருட்டு, டிம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. போதாததற்கு அது சூடு தாங்கும் கண்ணாடியும் இல்லை. அரை மணி நேரம் எரிந்து சூடேறிய முகத்தில் மழை அடித்தால் ஒரு கீறல் விழும், ஊர் போய்ச் சேர்வதற்குள் அது வளர்ந்துவிடும். அக்ரிலிக் இன்னும் மோசம். ஹாலஜன் சூட்டில் நெளியும், வெயிலில் பழுத்துப்போகும்.

கடைக்குப் போகுமுன் அளவு எடு. வெளியே தெரிகிற முகத்தை அளக்காதே. ரிம்மைக் கழற்றி, கண்ணாடியின் விளிம்பு உட்காரும் முழு விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அள. ஏழு இஞ்ச் என்று பெயர் இருந்தாலும் அந்த ரக யூனிட்டின் முழு விட்டம் 178 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். மூன்று அளவுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் டூம் எப்போதோ அடி வாங்கி முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதில் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் கிளிப் இறுக்கும்போது உடையும். அடுத்தது விளிம்பின் கனம். அதன்பின் புடைப்பு: இரும்பு ஸ்கேலைத் தட்டையான மேஜையில் நிறுத்தி, கவிழ்த்து வைத்த கண்ணாடியின் நடு உயரத்தைப் பார். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதே. செலோடேப் போட்டு ஒட்டி, மேலே பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்தும் விளிம்பும் பதியும். வரிகள் உள்பக்கம் என்பதால் உள்ளேயும் ஒரு முறை தேய்த்து எடு.

பல்பின் அடியையும் பார்த்து எழுது. சிறு குழாய் மாதிரி அடியும் எதிரெதிரே இரண்டு முளைகளும் இருந்தால் பிஏ20டி. அகலத் தகட்டில் மூன்று காதுகள் இருந்தால் பி45டி அல்லது எச்4 என்கிற ஹாலஜன் பல்பின் பி43டி. பி45டி தகடுதான் இரண்டில் பெரியது. பிஏ20டி பல்பில் ஒரு வம்பு உண்டு. தலைகீழாகவும் நுழையும். அப்படி மாட்டிவிட்டால் பிரைட்டும் டிம்மும் இடம் மாறும், டிம் வானத்தைப் பார்க்கும். கண்ணாடி சரியில்லை என்று நினைத்துக் கழற்றுமுன் பல்பை அரை வட்டம் திருப்பிப் போட்டுப் பார்த்துவிடு.

இனி எதை வாங்குவது? முதல் வழி, இதே வரியமைப்புள்ள கண்ணாடியைச் செத்துப்போன இன்னொரு டூமிலிருந்து எடுப்பது. கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் டூம் துருப்பிடித்துக் கண்ணாடி மட்டும் நல்லபடியாக இருக்கும் யூனிட்கள் சிக்கும். ஒட்டாமல் கிளிப்பில் நிற்கும் பழைய வகை என்றால் வேலை சுலபம். ஒட்டிய வகை என்றால் நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஹீட் கன்னால் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றி, பசை இளகியதும் மெல்லிய தகட்டை நுழைத்து நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் கண்ணாடி விரியும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பு சிதறும். சிமென்ட் மாதிரி இறுகிவிட்ட பசை இந்தச் சூட்டுக்கெல்லாம் மசியாது. அப்படிப்பட்டதை உடைக்க நினைக்காமல் விட்டுவிடு.

இரண்டாவது வழி, முழு யூனிட். அம்பாசடர், மகிந்திரா ஜீப் இரண்டுக்கும் இதே ஏழு இஞ்ச் வட்டம்தான். அதனால் கண்ணாடியும் டூமும் சேர்ந்த எச்4 யூனிட் புதிதாகவே கிடைக்கும். ஜெய்ப்பூரில் செய்யும் ஆட்டோபால் மாதிரிப் பெயர் உள்ளதாகப் பார்த்து வாங்கு. பெட்டியில் பெயர் இல்லாத சீப் சரக்கில் டூம் தகடு மெலிதாக இருக்கும், பல்ப் ஆடும். உன் பழைய ரிம்மையும் டபிள்யூ வடிவக் கிளிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடி தட்டையாக இல்லாமல் பழையது போல நன்றாகப் புடைத்ததாகத் தேர்ந்தெடு, அழகு கெடாது. பிரச்சினை பின்னால்தான். ஸ்பீடோமீட்டரும் ஆம்மீட்டரும் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய மண்டைக்குள் இடம் குறைச்சல். எச்4 பல்ப், அதன் பிளக், ரப்பர் மூடி மூன்றும் சேர்ந்தால் ஸ்பீடோமீட்டர் கேபிளையோ ஆம்மீட்டர் முனையையோ முட்டும். ஆம்மீட்டர் முனையில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருப்பதால் உரசினால் வயரிங்கே புகைந்துவிடும். யூனிட் வாங்குமுன் ரிம் உட்காரும் இடத்திலிருந்து உள்ளே முதலில் எது தட்டுகிறதோ அதுவரை ஒரு குச்சியை விட்டு அளந்து, குச்சியையே கடைக்குக் கொண்டுபோ.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கண்ணாடி என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் அம்புக்குறியைத் தேடு. வட்டத்துக்குள் 'E' என்ற ஐரோப்பிய முத்திரை உள்ள கண்ணாடிகளில், விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உன் வலது கைப் பக்கம் காட்டினால் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. எதிரே நிற்பவனின் வலது, ஓட்டுபவனுக்கு இடது அல்லவா? இரண்டு முனை அம்பு என்றால் இரண்டுக்கும் ஆகும். அம்பே இல்லாவிட்டால் பெரும்பாலும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுச் சரக்கு. அதன் டிம் எதிரே வரும் லாரிக்காரன் கண்ணில்தான் ஏறும். நம் ஊர்ப் பழைய கண்ணாடிகளில் இந்த முத்திரை இல்லாமலும் இருக்கும். அவற்றின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிம் போட்டால் இருபுறமும் சமமாகவோ, இடப்பக்கம் சற்றே தூக்கியோ விழலாம். வலப்பக்கம் தூக்கினால் திருப்பிக் கொடுத்துவிடு.

டூமைச் சொல்லாமல் விட முடியாது. உள்ளே கறுத்திருந்தால் புதுக் கண்ணாடிக்குச் செலவழிப்பது வீண். குரோம் பூசிக் கொடுக்கிறேன் என்பார்கள். வேண்டாம். குரோம் பார்க்கத்தான் பளபளப்பு, விழும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் திருப்பித் தரும். வெற்றிடத்தில் அலுமினியம் படியவைக்கும் முறை தொண்ணூறு சதவீதம் வரை தரும். அதுவும் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் முழு யூனிட்டுக்கே போ. நல்ல டூமில் தூசி மட்டும் என்றால் துணி போட்டுத் துடைக்காதே, மேல்பூச்சு கீறிவிடும். கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரைச் சுழற்றி ஊற்றி, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்து நிழலில் காயவை.

மாட்டும்போது கண்ணாடிக்கும் டூமுக்கும் நடுவே பழைய கேஸ்கெட் இற்றிருந்தால், சைக்கிள் டியூபை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ரிப்பனாக வெட்டி விளிம்பைச் சுற்றிப் போடு. கண்ணாடியில் எழுத்து இருந்தால் அது நேராக நிற்க வேண்டும். பத்து டிகிரி சாய்ந்தாலும் வெளிச்சம் ரோட்டில் சாய்ந்தே விழும். கிளிப்பை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வராதே. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம், வலம் என்று எதிரெதிராகப் போடு. ஒட்டும் வகை என்றால் சிலிகான் வாங்கும்போது கவனம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானிலிருந்து வருவது அமிலம், பூட்டிய டூமுக்குள் அது வெள்ளிப்பூச்சைத் தின்றுவிடும். டியூபில் 'நியூட்ரல்' என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்கி, ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கப் பல்ப் ஓட்டையைத் திறந்தே வை. அடியில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி விடு. முழுக்க அடைத்தால் தண்ணீர் வராது என்பது தப்புக் கணக்கு. சாரலில் ஈரக்காற்று எப்படியும் உள்ளே போகும், வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும்.

உன் வண்டி இன்னும் 6 வோல்ட் என்பதால் வயரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 35 வாட் பல்ப் 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். பழைய சுவிட்ச், டிம்மர், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வழியில் ஒரே ஒரு வோல்ட்டைத் தின்றால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 12 வோல்ட் வண்டியில் அதே ஒரு வோல்ட் போனால் கால் பங்குதான் குறையும். ஆகவே கண்ணாடியைக் கழற்றிய கையோடு டூமிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடு. பெயிண்ட் அடித்த ரிம்மை நம்பாதே. எச்4 யூனிட் போட்டாலும் 60/55 வாட் பல்பைக் கனவிலும் நினைக்காதே, உன் ஆல்டர்னேட்டர் அதைச் சுமக்காது. அதே அடியில் 6 வோல்ட் 35/35 வாட் பல்ப் இருக்கிறது, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

கடைசியாக வெளிச்சத்தின் குறி. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை ஸ்டாண்டில் போடாமல், நீ மேலே உட்கார்ந்து நிறுத்து. ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடு. டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்சீட்டில் ஆள் ஏறினால் மூக்கு தூக்கும் என்பதால், தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போவதே வழக்கமென்றால் அவளையும் உட்காரவைத்துப் பார். ஆரியங்காவு மூடுபனியில் பிரைட் போடவே போடாதே, பனி அத்தனையையும் உன் முகத்துக்கே திருப்பி அடிக்கும்.

வின்டேஜ் பதிவு பற்றிக் கேட்டிருந்தாயே. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள வின்டேஜ் நம்பர். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஹெட்லைட் யூனிட் அந்த மூன்றிலும் சேராது. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல், பராமரிப்பு என்று அளவோடுதான் எடுக்கலாம். நீ புனலூர் சந்தைக்குப் போகிற வண்டிக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம்.

தேய்த்தெடுத்த பேப்பர், மூன்று விட்டம், விளிம்புக் கனம், புடைப்பு, பல்ப் அடி, உள் ஆழக் குச்சியின் நீளம், இவ்வளவும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போகும்போது பார்த்து வைக்கிறேன். கிடைத்தால் பாலருவி எக்ஸ்பிரஸில் வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன். பார்சலில் போட்டால் கண்ணாடி முழுசாக வந்து சேராது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன்
கதிர்