விதிவிலக்குக் கேட்பவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலகக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை மகள் படித்துக் காட்டினாள். (மின்னிதழில் பக்கங்களைப் படமாக ஏற்றுகிறீர்கள், எழுத்தை வாசித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் மென்பொருள் அங்கே வாய் திறப்பதில்லை. முன்பே இதை எழுதினேன். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஊழியர் தாமாக எந்த மென்பொருளையும் நிறுவ முடியாதபடி கம்ப்யூட்டரைப் பூட்டிவைக்க வேண்டும், அதற்கு விதிவிலக்குக் கேட்கும் ஊழியரிடம் எச்சரிக்கை தேவை என்று அதில் ஒரு வரி. அந்த ஊழியன் நான்தான் ஐயா.

எனக்குப் பார்வை இல்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையை வாசித்துச் சொல்லும். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வேலையை முடிப்பேன். ஒரு வார இறுதியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். திங்கட்கிழமை என் கம்ப்யூட்டர் பேசவில்லை. அழிந்துபோன என்விடிஏவை மீண்டும் நிறுவ, கம்ப்யூட்டர் பிரிவினரிடம் மட்டுமே உள்ள அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். பென் டிரைவில் கொண்டுபோனால் அதற்கும் தடை. கோரிக்கையையோ அதே கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டுமாம்! "உங்கள் ஒருவருக்காகப் பூட்டைத் திறந்து வைக்க முடியுங்களா?" என்று மரியாதையாகத்தான் மறுத்தார்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியலைப் பக்கத்து மேசைத் தம்பி போட்டான். பாராட்டும் அவனுக்கே போனது.

விண்டோஸிலேயே நரேட்டர் என்ற திரைவாசிப்பான் இருக்கிறதே என்பார் உங்கள் நிபுணர். இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சம்பளப் பட்டியலை அதில் அவர் முடித்துக் காட்டட்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் அலுவலகத்தில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்களாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏடிஎம் அட்டை கேட்டபோது துணைக்கு ஆள் கூட்டிவரச் சொன்ன வங்கியிலும் அப்படி ஒன்று தொங்கியிருக்கும். நீங்களும் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்களைத் 'தன்னம்பிக்கை நாயகர்' என்று படம் போடுகிறீர்கள். டிசம்பர் 4 முதல் நாங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து!

பூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளக் கோப்பு வெளியே போனால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால், அனுமதித்த மென்பொருள் பட்டியலில் திரைவாசிப்பானையும் சேர்த்து, அவர்களே நிறுவி, அவர்களே புதுப்பித்தால் யாருக்கும் பாஸ்வேர்டு தர வேண்டியதில்லை. மாற்றம் செய்யும் முன் அதைப் பயன்படுத்துபவரை உட்காரவைத்து ஒருமுறை சோதித்தால் போதும்.

அடுத்த ஞாயிறு இதை நான்கு வரியில் வெளியிடுங்கள். மின்னிதழில் அந்தப் பக்கத்தையாவது எழுத்தாக ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அவிநாசி